கடைசி ஒழுங்கையின் வால்வு

இயந்திரம் செய்த பிழை என்றுதான் எங்கள் ஊரில் இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள். இல்லை, நான் செய்த பிழை என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்ன பிறகும் அப்படித்தான் சொல்கிறார்கள். தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது யாராவது என் தோளைத் தொட்டு, "விடுங்க சேர், மெசின்தானே தண்ணியப் பூட்டினது" என்கிறார். நான் விடப்போவதில்லை. என்னை மன்னித்துவிடும் உரிமையை இவர்களுக்கு யாரும் கொடுக்கவும் இல்லை.

ஒரு பெண்ணின் மையித்தை, உயிர் பிரிந்த உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வீட்டின் தண்ணீரை நிறுத்தியவன் நான். என் விரலால் நிறுத்தினேன். தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டால், தெரிந்துகொள்ள மறுத்துச் செய்தேன் என்பதுதான் சரியான பதில். அது தெரியாமல் செய்வதைவிடக் கேடானது.

எங்கள் வீட்டுத்திட்டம் கல்முனைப் பக்கத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடுகள். கடல் வந்து போன பிறகு கிணறுகள் உப்புக் கரித்தன. மேற்கே வயல் ஓரத்தில் குழாய்க் கிணறு ஒன்றைத் தோண்டி, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் உயரத் தண்ணீர்த் தாங்கி கட்டி, அங்கிருந்து கடற்கரை வரை குழாய் போட்டார்கள். தாங்கிக்குப் பக்கத்தில் உள்ள வீடுகளுக்கு நல்ல காலம். மின்சாரம் வந்ததும் அவர்கள் குழாயில் மோட்டரைப் பூட்டி இழுத்துக்கொள்வார்கள். கடற்கரைப் பக்கத்துக் கடைசி ஒழுங்கைக்கு, அந்தக் கடைசிச் சந்துக்கு, வருவது காற்று. குழாயைத் திறந்தால் சீழ்க்கை அடிக்கும். மின்வெட்டுக் காலத்தில் அந்தச் சீழ்க்கையும் இல்லை.

நான் நீர்ப்பாசனத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருப்பவர் இரண்டு தரம் பாய்ச்சுவதையும், கடைக்கண்டத்துக்காரர் மண்வெட்டியோடு வரம்பில் குந்தியிருப்பதையும் என் உத்தியோக காலம் முழுக்கப் பார்த்தவன். மழை குறைந்த சிறுபோகத்தில் முறை வைத்துத் தண்ணீர் விட்டிருக்கிறேன். சம்மாந்துறைப் பக்கத்தில் என்னை ஏசாத விவசாயி இல்லை. ஆனால் கடைக்கண்டம் காயவிட்டேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார். ஆகவே புதிய திட்டம் வந்தபோது தண்ணீர்க் குழுவுக்கு என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். நானும் ஆசைப்பட்டுத்தான் ஏற்றுக்கொண்டேன்.

அது நல்ல திட்டம். இன்றைக்கும் சொல்வேன், எங்கேயும் நின்று சொல்வேன். மதரசாக் கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். வெயில் ஏறினால் பம்பு தானாக ஓடும். மேகம் மூடினால் மெதுவாகும். தாங்கி நிறைந்தால் மிச்சமான மின்சாரம் பள்ளிவாசலின் விளக்குக்கும் விசிறிக்கும் போகும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூட்டிய பெட்டி ஒன்று. உள்ளே மீட்டரும் மின்சாரத்தில் மூடித் திறக்கும் வால்வும். வீட்டில் உள்ள தலைகளை எண்ணி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பங்கு. யாராவது மோட்டர் பூட்டி இழுத்தால் பெட்டி கண்டுபிடித்துவிடும். எங்கேயாவது தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், குழாய் வெடித்திருக்கலாம் என்று என் போனுக்குச் செய்தி வரும். மூடவா, விடவா என்று கேட்கும். கேட்பதோடு சரி. அதுவாக மூடாது. இதைப் படிப்பவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: அது கேட்கும், நான்தான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் கடைசி ஒழுங்கைக்குத் தண்ணீர் போனபோது நானும் போயிருந்தேன். கடைசி வீட்டில் ஒரு ராத்தா இருந்தார். என்னைவிட எவ்வளவு மூத்தவர் என்று தெரியாது. ஊரில் எல்லாருக்கும் அவர் ராத்தாதான், மூத்த அக்காதான். பெண்கள் மௌத்தானால் மையித்தைக் குளிப்பாட்டக் கூப்பிடுவது அவரைத்தான். என் உம்மாவைக் குளிப்பாட்டியதும் அவர்தான். அன்றைக்கு அவர் குழாயைத் திறந்தார். வழக்கம்போலச் சீழ்க்கை அடித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு முறை இருமிவிட்டு, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பிவிட்டு, தெளிவாக வந்தது. ராத்தா அந்த இடத்திலேயே முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு சிரித்தார்.

"இஞ்சினியர் தம்பி, உங்கட தண்ணி வெக்கப்படாம வருது."

அந்த வார்த்தையை என் பட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

கெட்டுப்போனது அதற்குப் பிறகு. திட்டம் கெடவில்லை, நான் கெட்டேன். போனைத் திறந்தால் வீடுகள் எல்லாம் சிறு கட்டங்களாகத் தெரியும். பங்குக்குள் இருந்தால் பச்சை, நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. காலையில் குர்ஆன் ஓதி முடித்த கையோடு அதைத்தான் பார்ப்பேன். எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் வீட்டில் சுபஹுத் தொழுகைக்கு ஒருவரும் எழும்பவில்லை, எந்த வீட்டில் உடுப்புத் துவைக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தேநீர்க் கடையில் போனை எடுத்து மேசையில் வைத்துக் காட்டுவேன். ஊர் அதிகாரியைச் சொல்வதுபோல எனக்குத் தண்ணி விதானை என்று பட்டம் வைத்தார்கள். கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது.

என் மனைவிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"பக்கத்து ஊட்டுக்காரி எத்தன தரம் மேல் கழுவுறா எண்டு பாக்கத்தானா இவ்வளவு படிச்ச நீங்க?"

"அப்படி இல்ல புள்ள. இது கணக்கு."

"ஓம், கணக்கு. நீங்க வளவுக் கக்கூசுக்குப் போற வாற கணக்கும் அதில விழுதா எண்டு பாருங்க."

தண்ணீர் பிடித்து வைக்கும் பழைய பரல்களையும் நான்தான் எடுக்கச் சொன்னேன். தண்ணீர் எந்நேரமும் வருகிறது, பரலில் பிடித்து வைத்தால் நுளம்புதான் பெருகும் என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் சொன்னேன். சனம் கேட்டது. பிடித்து வைத்த தண்ணீர் என்று எந்த வீட்டிலும் ஒரு வாளிகூட இல்லாமல் போனது. அதுவும் என் வேலைதான்.

ராத்தாவின் மகளைக் கல்யாணம் முடித்தவர் ஒரு லொறிக்காரர். எங்கள் வழக்கப்படி மனைவியின் வீட்டில்தான் இருக்கிறார். நானும் அப்படி வந்து குடியேறியவன்தான். அவருடையது மீன் லொறி. இங்கிருந்து மலைநாட்டுக்கு மீன் ஏற்றிக்கொண்டு போய், காலையில் வெறும் லொறியாகத் திரும்பி வருவார். வந்ததும் வாசலில் நிறுத்திக் குழாயை நீட்டிக் கழுவுவார். அவர் வீட்டுக் கட்டம் சிவப்பாகும். ஒரு நாள் நான் நேரே போய்விட்டேன்.

"தம்பி, இது குடிக்கிற தண்ணி."

"மீன் லொறி சேர். கழுவாட்டி ஒழுங்கையே நாறும். உங்கட மெசினுக்கு மூக்கில்லத்தானே."

"கடல் பக்கத்திலதானே இரிக்கி. அங்க கொண்டு போய்க் கழுவுங்களன்."

"உப்புத் தண்ணில கழுவினா லொறி கறள் புடிச்சிப் போகும். புதிசா ஒண்டு எடுத்துத் தருவீங்களா?"

"வாளியில அள்ளிக் கழுவலாம்."

"கதிரையில இரிந்து வேல செஞ்ச ஆக்கள் வாளில கழுவட்டும். எனக்கு முதுகு இரிக்கி, ஒண்டுதான் இரிக்கி."

ஒழுங்கையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து ராத்தா எட்டிப் பார்த்து, "தம்பிக்குத் தேத்தண்ணி குடுங்க புள்ள" என்று மகளுக்குச் சொன்னார். நான் குடிக்காமல் திரும்பி வந்தேன். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. அந்த வீட்டுக் கட்டத்தை அன்றிலிருந்து மற்ற வீடுகளைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கண்ணில் படலம் வளர்ந்து, சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் மகன் வீட்டுக்குப் போனேன். மாடி வீடு. ஒரு கண்ணுக்குக் கட்டு. குனியக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது என்றார்கள். போனைப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அதை மட்டும் நான் கேட்கவில்லை. தலையணையில் சாய்ந்து, ஒற்றைக் கண்ணால் எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்தே ஊரை ஆளலாம் என்று மகனிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அவன் சிரித்துவிட்டு வேலைக்குப் போனான்.

முற்பகலில் செய்தி வந்தது. கடைசி ஒழுங்கை, கடைசி வீடு. தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. மூடவா, விடவா?

லொறி வந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அந்த மனிதர் குழாயை நீட்டிக்கொண்டு நிற்பது என் கண்முன் தெரிந்தது. ஒழுங்கைப் பெண்கள் சிரிப்பதும் கேட்டது. நான் ஊரில் இல்லை என்று தெரிந்து கழுவுகிறார், பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 'மூடு' என்பதை அழுத்தினேன். கட்டம் சாம்பல் நிறமாகியது.

கொஞ்ச நேரத்தில் லொறிக்காரர் போன் எடுத்தார்.

"சேர், தண்ணி நிண்டு போச்சு. திறந்து..."

"உங்கட பங்கு முடிஞ்சிட்டு தம்பி. இனி நாளைக்கித்தான்."

"இல்ல சேர், இஞ்ச..."

வைத்துவிட்டேன். அந்த "இஞ்ச" என்ற சொல்லுக்குப் பிறகு என்ன வர இருந்தது என்று கேட்க எனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். அந்த ஒரு மூச்சைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு பக்கத்து வீடு சிவப்பாகியது. அங்கேயிருந்து இழுக்கிறார் என்று நினைத்து அதையும் மூடினேன். அடுத்த வீடு மஞ்சளில் இருந்து சிவப்புக்குப் போனது. அதையும் மூடினேன். மறுபடி போன் அடித்தது, அவர்தான். கட்டிலில் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, மருமகள் கொண்டு வந்த கஞ்சியைக் குடித்தேன். நிம்மதியாகக் குடித்தேன். இதை மறைக்க மாட்டேன். நன்றாக ருசித்தது.

அசர் தொழுகைக்குப் பிறகு என் மனைவி போன் எடுத்தாள்.

"கடைசி ஊட்டு ராத்தா மௌத்தாகிட்டா. அடக்கியாச்சு."

இன்னாலில்லாஹி என்றேன். எப்போது என்று கேட்டேன்.

"காலைல. நானும் அங்கதான் நிண்ட. குளிப்பாட்டக்குள்ள தண்ணி நிண்டு போச்சு. உங்கட மெசினுக்குக் கண்ணில்லியா?"

எனக்கு ஒரு கண் கட்டியிருந்தது. மற்றக் கண்ணால் போனைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று சாம்பல் கட்டங்கள். 'திற' என்பதை மூன்று முறை தொட்டேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. அவ்வளவு சுலபம். மூடியது நான் என்பதை மனைவியிடம் மறைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் முழுவதையும் சொன்னாள். வீட்டு வளவில் சேலைகளைக் கட்டி மறைப்பு எடுத்து, பலகையில் கிடத்தி, இலந்தை இலைத் தண்ணீர் ஊற்றி முடித்திருக்கிறார்கள். முடியில் சவர்க்காரம் இருக்கும்போது குழாய் நின்றது. சீழ்க்கை அடித்து நின்றது என்றாள். ராத்தாவிடம் இந்த வேலையைப் பழகிய பெண்கள்தான் குளிப்பாட்டினார்கள். என் மனைவி ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் பிடித்தார்கள், அது நின்றது. அடுத்த வீட்டில் பிடித்தார்கள், அதுவும் நின்றது. பெட்டியை அலவாங்கால் உடைக்கப் போன லொறிக்காரரை, மையித்து வீட்டில் குழப்பம் வேண்டாம் என்று பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இனி நாளைக்குத்தான் என்று நான் போனில் சொன்னதால், அது தானாகப் பூட்டியது, இனி மனிதன் திறக்க முடியாது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அதனால் எனக்குப் போன் எடுக்க வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் பள்ளிவாசலின் ஹவுழ்தான் உதவியது. நாங்கள் தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுளூ எடுக்கும் அந்தத் தொட்டிக்கு மீட்டர் இல்லை. ஆண்கள் அங்கிருந்து கடைசி ஒழுங்கை வரை வரிசையாக நின்று வாளிகளைக் கை மாற்றியிருக்கிறார்கள். தாங்கிப் பக்கத்து மாடி வீட்டுக்காரரும் நின்றாராம். மறைப்புச் சேலைக்கு வெளியே வாளியை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்களாம்.

"சவக்காரத்தோட எவ்வளவு நேரம் கிடந்தாவோ. நான் கையால தொடச்சித் தொடச்சி இரிந்த" என்றாள் மனைவி. "ஊரெல்லாம் குளிப்பாட்டின மனிசி."

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"மெசின் பூட்டல்ல. நான்தான் பூட்டின."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் ஊத்தின தண்ணிய நீங்களா நிப்பாட்டின?"

"ஓம்."

"கொழும்பில இரிந்துக்கிட்டு?"

"ஓம்."

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அங்கிருந்தே சொன்னாள்: "என்னட்டச் செல்லி என்ன? அந்த ஊட்ட போய்ச் செல்லுங்க."

நான் உடனே போகவில்லை. இதையும் எழுத வேண்டும். ஊர்க் கூட்டம் வரைக்கும் போகவில்லை. பயம்தான், வேறென்ன.

கூட்டத்துக்கு முன்பு பள்ளிவாசல் தலைவர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். பெட்டிகளைப் போட்ட கம்பனியில் இருந்து ஒரு பெண் பொறியியலாளரும் வந்திருந்தார். தலையில் சால்வையைச் சரிசெய்தபடி கதிரை ஓரத்தில் இருந்தார். நான் இருவருக்கும் நடந்ததைச் சொன்னேன். தலைவர் கதவைச் சாத்தினார்.

"ஹாஜியார், இத இந்த அறையோட விடுங்க. மெசின் பிழை எண்டு முடிப்பம். உங்கட மானமும் மிஞ்சும், பள்ளிட மானமும் மிஞ்சும்."

"எங்களுக்கும் அது பெரிய விசயமில்லை சேர்," என்றார் அந்தப் பெண். "மூன்று பெட்டியை மாற்றித் தந்துவிட்டுப் போகிறோம்."

எல்லாரும் என்னைக் காப்பாற்றத்தான் நின்றார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆம், ஆட்டினேன்.

ஆனால் கூட்டம் தொடங்கி, இயந்திரத்தில் கோளாறு என்று தலைவர் சொல்லி முடிக்கும் முன்பே மாடி வீட்டுக்காரர் எழும்பிவிட்டார்.

"கோளாறு புடிச்ச மெசின் நமக்கு என்னத்துக்கு? மையித்துக்கே தண்ணி குடுக்காத மெசின்! எல்லாத்தயும் கழட்டி எறியுங்க. முந்தி இரிந்த மாதிரி இரிப்பம்."

முன் வரிசை முழுக்க ஓம் ஓம் என்றது. முன் வரிசை என்றால் தாங்கிப் பக்கத்து வீடுகள். அவர் வீட்டு மோட்டரை அவர் விற்கவில்லை. சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். பின்னால் சுவரோரமாகக் கடைசி ஒழுங்கைக்காரர்கள் இருந்தார்கள். லொறிக்காரரும் இருந்தார். அவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் வீட்டில்தான் அந்த அநியாயம் நடந்தது, எப்படித் திறப்பார்கள்? பெட்டியைக் கழற்றினால் மறுநாளே அவர்களுடைய குழாய் மறுபடி சீழ்க்கை அடிக்கும். என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லும் பொய், அந்த ஒழுங்கையின் தண்ணீரைப் பறிக்கப் போகிறது. ராத்தாவுக்குக் கடைசித் தண்ணீரை நிறுத்தியது போதாதென்று அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் நான் நிறுத்த வேண்டுமா?

எழுந்தேன்.

"மெசின்ல ஒரு கோளாறும் இல்ல. அது என்னட்டக் கேட்டது. நான்தான் பூட்டின. மூணு ஊட்டையும் நான்தான் பூட்டின."

தலைவர், "ஹாஜியார், இரிங்க, இரிங்க" என்றார். நான் இருக்கவில்லை. சத்தம் போட்டார்கள். சிலர் எனக்காகவே சத்தம் போட்டார்கள்: சேருக்குக் கண் ஒப்பரேசன், சேருக்குச் சுகமில்லை. சுகமாகத்தான் இருந்தேன் என்று சொன்னேன்.

லொறிக்காரர் சுவரை விட்டு முன்னுக்கு வந்தார்.

"ஏன் சேர் பூட்டினீங்க?"

"நீங்க லொறி கழுவுறீங்க எண்டு நெனச்ச."

"நான் கோல் எடுத்தன்தானே."

"எடுத்தீங்க. நான் கேக்கல்ல."

அவர் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் இவ்வளவு நாளும் அந்தப் பெட்டிக்கு ஏசிக்கிட்டு இரிந்தன். வாசலால போகக்குள்ளயும் வரக்குள்ளயும் ஏசின. உங்களுக்கு ஒரு வார்த்த ஏசல்ல. பெட்டி கிடக்கட்டும். மீட்டரும் கிடக்கட்டும். ஆனா என்ட ஊட்டுத் தண்ணி இனி உங்கட சட்டப் பையில இரிக்கக் கூடா."

"இரிக்காது" என்றேன். போனை எடுத்து மேசையில் வைத்து, அந்தப் பெண் பொறியியலாளரிடம் தள்ளினேன். "இதில உள்ள பூட்டுற அதிகாரத்த எடுத்துப் போடுங்க. என்னட்ட வாற செய்தி அந்தந்த ஊட்டுக்கே போகட்டும். ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலயும், வால்வு மூடியிருந்தாலும் கையால திருகித் திறக்கிற ஒரு குழாய் வைக்கப் போறம்."

"பெட்டியில் கை வைத்தால் எங்களுடைய உத்தரவாதம் இல்லாமல் போகும் சேர்."

"உத்தரவாதத்தில மையித்துக் குளிப்பாட்டேலா மகள்."

யாரோ பின்னால் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். பங்கு இருக்கும், மீட்டர் இருக்கும், மோட்டர் பூட்டினால் எல்லாருக்கும் தெரியும். மூட வேண்டும் என்றால் ஆள் போய் வாசலில் நின்று, கூப்பிட்டு, காரணத்தைக் கேட்டுத்தான் மூட வேண்டும். அப்படித்தான் முடிவாகியது. மாடி வீட்டுக்காரருக்குக் கோபம். தலைவருக்கு அதைவிடக் கோபம்.

"பள்ளிட மானத்த வாங்கிட்டீங்க ஹாஜியார்."

"அது என்ட மானம் தலைவர். பள்ளிக்கு ஒண்டும் ஆகல்ல. ஹவுழ்ல தண்ணி இரிந்திச்சித்தானே."

முதல் குழாயைக் கடைசி வீட்டில்தான் பொருத்தினேன். ஆள் பிடிக்கவில்லை, நானே ஸ்பானரும் குழாய்த் துண்டுமாகப் போய் மண்ணில் முழங்காலிட்டுப் பூட்டினேன். கண்ணுக்கு நல்லதில்லை என்று மகன் போனில் கத்தினான். லொறிக்காரர் வாசல் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். உதவவில்லை. உதவ வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. உள்ளேயிருந்து தேநீரும் வரவில்லை.

பூட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"என்னப் பொறுத்துக்கிங்க தம்பி."

"அத நான் தரேலா சேர். நீங்க அவட்டத்தான் கேக்கணும். அவ இல்ல."

"ஓம்" என்றேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. அதனால்தான் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. கொடுக்க வேண்டியவரே இல்லாதபோது அந்த மன்னிப்பை இவர்கள் எங்கேயிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்?

வயலுக்குத் தண்ணீர் விட்ட கணக்கில் வீடுகளுக்கும் விட்டேன். வயலுக்கு விருந்தாளி வருவதில்லை. வயலில் பிள்ளை பிறப்பதில்லை. மையித்தைக் கிடத்திச் சுற்றிச் சேலை கட்டுவதும் இல்லை. மீட்டருக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். என் உம்மாவைக் குளிப்பாட்டிய அன்று எத்தனை வாளி கிணற்றில் இருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

லொறிக்காரர் குனிந்து புதிய குழாயைத் திருகினார். தண்ணீர் பாய்ந்தது. நீட்டுக் குழாயைச் செருகி, என் கண்முன்னாலேயே லொறியைக் கழுவத் தொடங்கினார். டயர், பலகை, பின் கதவு. அவசரமே இல்லாமல், எனக்குக் காட்டுவதற்காகவே கழுவினார். மீன் செதில்கள் கழன்று வடிகானுக்குள் ஓடின. என் காற்சட்டை முழங்கால் வரை நனைந்தது.

"வாளியில அள்ளிக் கழுவலாம் தம்பி" என்றேன். "இது குடிக்கிற தண்ணி."

"வாளியில கழுவ மாட்டன் சேர்."

லொறியைக் குழாயால் கழுவுவது பிழைதான். அது இன்றும் பிழை. என் பாவம் அதைச் சரியாக்கிவிடாது. ஆகவே லொறி வந்து நிற்பதைக் கண்டால் இப்போதும் போகிறேன். பள்ளிவாசலில் இருந்து கடைசி ஒழுங்கைவரை நடக்கிறேன்; வெயிலில் கண் கூசுகிறது. வாசலில் நின்று கூப்பிடுகிறேன். வீட்டில் என்ன நடக்கிறது, யார் வந்திருக்கிறார்கள், யாருக்காவது சுகமில்லையா என்று முதலில் கேட்கிறேன். பிறகு வாளியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மாட்டேன் என்கிறார். நான் திரும்பி வருகிறேன்.